மஞ்ச அட்டை

தேவநாதன் "எல்லாருக்கும் வணக்கம்"னு வாயத் தொறந்த அதே நொடியில அருணகிரியோட கட்டைவிரல் ஸ்டாப் வாட்ச்சு மேல அமுங்கிருச்சு. மூளை சொல்லி விரல் கேட்டதில்ல, விரல் தானாச் செஞ்சது, மூணு வருஷப் பழக்கம். திருவெறும்பூர் சொல்லரங்கத்துல நேரம் பாக்கறதுன்னா அருணகிரிதான்னு ஆகிப்போயி, அதுக்குன்னு வருஷாவருஷம் 'நேரத்தின் நண்பன்'னு ஒரு கேடயம் வேற, மூணும் வீட்ல ஷோகேசுல வரிசையா நிக்குது. பேசணும்னுதான் மன்றத்துல சேந்தாரு, பேசாம உக்காந்திருந்ததுக்குத்தான் கேடயம் குடுத்தாங்க. ஞாயித்துக்கெழம காலை, டியூஷன் சென்டர் மாடி, கடைசி பெஞ்சு, முன்னால மூணு அட்டை. அஞ்சு நிமிஷத்துல பச்சை, ஆறுல மஞ்ச, ஏழுல சிவப்பு. அதுக்கு மேல அரை நிமிஷம் கருணை. அந்த அரையத் தாண்டி ஒத்த நொடி போனாலும் ஆள் போட்டியிலேருந்து அவுட்டு, சாமியே வந்து பேசியிருந்தாலும் சரி. மேடைக்குப் போறவங்க கைக்கடியாரத்தையும் போனையும் தலைவி கோகிலா மேடம் வச்சிருக்கற எவர்சில்வர் தட்டுல கழட்டி வச்சுட்டுத்தான் ஏறணும். கேக்கறவங்க போனெல்லாம் ஒரு துணிப்பையில. சுவத்துக் கடியாரத்து மேல ஒரு ஈரிழைத் துண்டு, பொணத்து மேல போட்ட மாதிரி. அந்த ரூம்புல இருக்கற இருவத்திரெண்டு பேருக்கும் நேரம்னு ஒண்ணு இருக்கறது கடைசி பெஞ்சு ஆளோட உள்ளங்கையில மட்டுந்தான். பதினேழு நொடி. பதினெட்டு. தேவநாதன் மொத சிரிப்ப வாங்கிட்டாரு. எப்பவும் பதினெட்டாவது நொடியில வாங்கிருவாரு. அம்பத்திநாலு வயசு அருணகிரிக்கு அந்தச் சிரிப்பு காதுல விழல, பல்லுல விழுந்துச்சு, கடைவாய்ப் பல்லுல ஒரு கல்லு அம்புட்ட மாதிரி.

இன்னிக்குப் பொய் எழுத வேண்டியதில்ல, அதுதான் இதுல அழகு. ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு யோசிச்சதுல அது ஒண்ணுதான் தெளிவா நின்னுச்சு. வாட்ச்சு உண்மையச் சொல்லும், தாள்ல உண்மையத்தான் எழுதப்போறோம், அட்டை மட்டும் கொஞ்சம் லேட்டா எந்திரிக்கும். தேவநாதன் பேச்ச மனப்பாடம் பண்ணிட்டு ஏறற ஆளு கெடையாது. அட்டையப் பாத்து இழுப்பாரு, அட்டையப் பாத்து முடிப்பாரு, மஞ்சளப் பாத்தா அங்கேருந்து சரியா ஒரு நிமிஷத்துல கைதட்டல்ல கொண்டுபோய் நிறுத்துவாரு. "நான் என்னை நம்பி மேடை ஏறல மேடம், எங்க அருணகிரி அண்ணன நம்பித்தான் ஏறறேன்"னு போன வருஷம் மைக்குலயே சொன்னாரு, எல்லாரும் திரும்பிப் பாத்துக் கைதட்டுனாங்க, அருணகிரி எந்திரிச்சு கும்பிடு கூடப் போட்டாரு. அந்தக் கும்பிட இப்ப நெனச்சா கை கூசுது. மன்றத்துல புதுசா சேர்றவங்களுக்கு ஒரு பழைய உறுப்பினர வழிகாட்டியாப் போடுவாங்க, மொதப் பேச்ச எழுதி அவருகிட்ட காட்டிட்டுத்தான் பேசணும், அது இங்க சட்டம். அருணகிரிக்கு வாச்சது தேவநாதன். இன்சூரன்ஸ் ஆபீசரு, பதிமூணு வயசு சின்னவரு, சட்டைக் காலருக்குக் கஞ்சி, வாய்க்குத் தேன். அருணகிரி தான் நைட் ஸ்கூல்ல படிச்ச கதைய நாலு பக்கம் பேனாவுல எழுதிக் கொண்டுபோயிக் குடுத்தாரு. தேவநாதன் படிச்சாரு, ரெண்டு தடவை படிச்சாரு, அந்த ரெண்டாவது தடவைய அருணகிரி அப்பக் கவனிக்கல. அப்புறம் தோள்ல கையப் போட்டு, "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ரொம்ப லோக்கலா இருக்கு. தோல்வில முடியற பேச்ச எவனும் கேக்கமாட்டான். தூக்கிப் போடுங்க. வெல்டிங் இன்ஸ்பெக்டர்தானே, வேலையில பாதுகாப்பப் பத்திப் பேசுங்க"ன்னாரு. அருணகிரியும் ஏறி நின்னு தலைக்கவசத்தப் பத்தி ஆறரை நிமிஷம் பேசுனாரு. 'சிறந்த முயற்சி'ன்னு ஒரு ரிப்பன் குத்திவிட்டாங்க. ரொம்ப லோக்கல். தூக்கிப் போடுங்க. ஆறு மாசம் கழிச்சு கரூர்ல நடந்த போட்டி வீடியோ வாட்ஸப் குரூப்புல வந்துச்சு, தேவநாதன் மேடையில, கையில கோப்பை, வாயில அருணகிரியோட நைட் ஸ்கூலு. தூக்கிப் போடுங்கன்னு சொன்னது பொய்யில்ல, போட்டத எடுத்துக்கிட்டாரு, அவ்வளவுதான். ரெண்டு நிமிஷம் நாலு நொடி.

"எழுவது வாட்டு வெளிச்சம் கூட இல்ல"ன்னு தேவநாதன் கொரலத் தாழ்த்துனாரு, "பத்தாவது பரீட்சைக்கு மொத நாள் சாயங்காலம். கரண்டு போயிருச்சு. நாங்க எட்டுப் பேரு. பகல்ல வேலை, சாயங்காலம் படிப்பு." நாங்களாம். நாங்க. கான்வென்ட்டுல படிச்சவன், வீட்ல ஜெனரேட்டர் வச்சிருந்தவன், அதையும் ஒரு நாள் டீ குடிக்கும்போது பெருமையா அவனே சொன்னவன். அந்த எட்டுப் பேர்ல ஒருத்தன் பேராவது சொல்லுடா பாப்போம். சிலிண்டர் போடற நாகூர்கனி, டெய்லர் மாசிலாமணி, கறிக்கடை சந்தியாகு, அவன் கணக்கு நோட்டப் பொரட்டுனா ஆட்டு வாசம் அடிக்கும். காட்டூர்ல கட்டி முடிக்காத ஒரு கொட்டாய்தான் பள்ளிக்கூடம். கரண்டு போனதும் வாத்தியாரு, இனி நாளைக்குப் பரீட்சை ஹால்லயே பாப்போம்னு கெளம்பிட்டாரு. அருணகிரிதான் தன்னோட மொபெட்ட உள்ள தள்ளிக்கிட்டு வந்து ஸ்டாண்டு போட்டு ஸ்டார்ட் பண்ணாரு. அந்த வண்டி முறுக்குனாத்தான் லைட்டு, கை தளந்தா லைட்டும் மங்கிரும். வட்டத்துக்குள்ள நாற்கரம், அதோட எதிர்க் கோணம் ரெண்டும் சேந்தா நூத்தியெம்பது. ஏழு தலை லைட்டு முன்னால குனிஞ்சிருக்கு, அருணகிரி மட்டும் சீட்டுல உக்காந்து முறுக்கிக்கிட்டிருக்காரு. ஆளுக்குப் பத்து நிமிஷம்னுதான் பேச்சு. மாசிலாமணி வந்து முறுக்குனா வண்டி தும்மிட்டு நின்னுரும், அந்தக் கேபிள் அருணகிரி கைக்குத்தான் படியும், சரி படிங்கடா நான் இருக்கேன்னு ரெண்டு மணி நேரம். லைட்டுக்குப் பின்னால உக்காந்திருக்கறவனுக்கு ஒரு எழவும் தெரியாது. முன்னால இருக்கறவன் மூஞ்சி தெரியும், அவன் படிக்கறது தெரியும், என்ன படிக்கறான்னு தெரியாது. ஏழு பேரும் பாஸு. முறுக்குனவன் கணக்குல இருவத்தொம்போது மார்க்கு, ஃபெயிலு, அப்புறம் அக்டோபர்ல எழுதித்தான் பாஸு. அதுதான் பேச்சு. அந்த இருவத்தொம்போதுதான் பேச்சே. மேடையில நின்னவன் சொல்றான், "அந்த வண்டிய முறுக்கிப் புடிச்சது இந்தக் கை. அந்த வெளிச்சத்துல படிச்சு மொத மார்க்கு வாங்குனதும் இதே ஆளுதான்!" கைதட்டல். அட, முறுக்கறவன் எப்பிடிய்யா படிப்பான்? லைட்டு முன்னால, கை பின்னால. இருவத்திரெண்டு பேர்ல ஒரு மண்டைக்காவது அது ஒறைக்க வேணாமா? அப்பத்தான் அருணகிரி பாத்தாரு. தேவநாதன் காத்துல முறுக்கிக் காட்டறாரு. எடது கையால. நல்லா மணிக்கட்டத் திருப்பி, கண்ண மூடி, உதட்டக் கடிச்சுக்கிட்டு, எடது கையால. ஜென்மத்துல மொபெட்டு தொடாத பய. அருணகிரிக்குச் சிரிப்பு வந்துச்சு, வந்த சிரிப்பு நெஞ்சுல பாதி வழியில நின்னு கசந்துபோச்சு, ஏன்னா யாரும் அதப் பாக்கல, முன் பெஞ்சுல தையல்நாயகி டீச்சர் கண்ணத் தொடச்சுக்கிட்டிருந்தாங்க.

நாலு அம்பத்தொம்போது, அஞ்சு. பச்சைய நேரத்துக்குத் தூக்கணும், அதுதான் நம்பிக்கை, தூண்டில்ல புழு மாதிரி. தூக்குனாரு. தேவநாதன் பாத்தாரு, கண்ணுல லேசா ஒரு நன்றி, அருணகிரிக்கு அப்பத்தான் ஒண்ணு ஒறைச்சுது. வீடியோ. மெடிக்கல் ஷாப் சகாயம் மட்டும் படம் புடிக்கறதுக்குன்னு போனப் பையில போடாம முன்னால மூணுகால் ஸ்டாண்டுல வச்சு எடுத்துக்கிட்டிருக்கானே. வீடியோவுல நொடி ஓடுமே. ஓடட்டும், கேமரா மேடையப் பாக்குது, அட்டையப் பாக்கல. ஆனா தேவநாதனோட கண்ணப் பாக்குது. எந்த நொடியில மஞ்சளப் பாத்தான்னு அவன் கண்ணே காட்டிக் குடுத்துருமே. யாரு உக்காந்து அதையெல்லாம் பாக்கப் போறா, இன்சூரன்ஸ்காரன் பாப்பான், அவனுக்கு அதுதானே பொழப்பு. வேணாம், விட்ரலாம். விட்ரலாமா? தமயந்தி அப்பவே சொன்னா, "ஏங்க, கதையத்தானே எடுத்தாரு, வண்டியவா எடுத்தாரு? வண்டிய நீங்களே எடைக்குப் போட்டாச்சு." அவ சொல்லிட்டு அடுப்பக் கவனிக்கப் போயிட்டா, அது அங்கயே நின்னுருச்சு. முப்பத்தோரு வருஷமா பாய்லர் கம்பெனியில வெல்டிங் பாக்கற ஆளு, கெட்ட வெல்டுல சாக்பீசால வட்டம் போட்டா அத வெட்டி எடுத்துட்டுத் திரும்ப அடிக்கணும். ஒரு நல்ல வெல்டுல இந்தக் கை வட்டம் போட்டதில்ல. பழைய ஃபோர்மன் அப்பன் ஆத்தாளையெல்லாம் இழுத்துத் திட்டுன மறுநாள் அவன் அடிச்ச வெல்டு முன்னால வந்துச்சு, கண்ணாடி மாதிரி இருந்துச்சு, பாஸ் பண்ணித்தான் அனுப்புனாரு. அந்தக் கைதான் இது. அந்தக் கையப் பாத்துத்தான் மூணு கேடயம் குடுத்தாங்க. அஞ்சு நாப்பது. போன தீவாளிக் கூட்டத்துல சீட்டு எடுத்துப் பேசற வெளையாட்டு, அருணகிரிக்கு வந்த சீட்டு 'வெளிச்சம்'. தெய்வமே எழுதிப் போட்ட மாதிரி இருந்துச்சு. எந்திரிச்சுப் பாதி சொன்னாரு, மொபெட்டு உள்ள வந்ததுமே புதுசா சேந்த ஒரு பொண்ணு, "சார், இது தேவநாதன் சார் கதையில்ல? நீங்களும் அவரோட நைட் ஸ்கூல்லயா படிச்சீங்க?"ன்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. கெட்ட சிரிப்பில்ல, தமாஷான சிரிப்புத்தான், அதுதான் இன்னும் கொதிக்குது. தேவநாதன் எந்திரிச்சுக் கைய அமத்தி, "பரவால்ல விடுங்கப்பா, நல்ல கதைன்னா நாலு பேரு சொல்லத்தான் செய்வாங்க"ன்னாரு. பெரிய மனசு. மன்னிச்சு விட்டாரு. என் கதைய நான் சொன்னதுக்கு என்ன மன்னிச்சு விட்டாரு. இன்னிக்கு ஜெயிச்சா தஞ்சாவூரு, மண்டலப் போட்டி, பேச்சு அப்பிடியே விழா மலர்ல அச்சாகும், போட்டோவோட. அச்சுல ஏறிட்டா முடிஞ்சுது, அப்புறம் சாகறவரைக்கும் அருணகிரி வாயத் தொறந்தா அருணகிரிதான் திருடன். அஞ்சு அம்பத்தெட்டு. அம்பத்தொம்போது. ஆறு.

மஞ்ச அட்டை பெஞ்சு மேலயே கெடந்துச்சு. வலது கை அது மேல இருந்துச்சு, தூக்கறதுக்குப் போன கைதான், போயிட்டு அங்கயே படுத்துக்கிச்சு. ஆறு பத்து. தேவநாதன் அம்மாவப் பத்திப் பேசிக்கிட்டிருந்தாரு, அம்மா கதையில எங்கேருந்து வந்தாங்க, அது புதுசு, இந்த வருஷம் சேத்தது. ஆறு இருவது. ஒரு தடவை கடைசி பெஞ்சப் பாத்தாரு. அருணகிரி தலைய மெதுவா ஆட்டுனாரு, பேசுங்க பேசுங்க, நல்லாருக்குன்னு. எப்பிடி இந்தத் தலை ஆடுச்சுன்னு அருணகிரிக்கே தெரியல. தேவநாதன் மொகம் மலந்துபோச்சு, இன்னும் நேரம் கெடக்குன்னு அம்மா கையில ஒரு அரிக்கன் வெளக்கையும் குடுத்துட்டாரு. ஆறு முப்பது. உள்ளங்கை வேத்துருச்சு, அட்டை ஒட்டிக்கிச்சு. கோகிலா மேடம் திரும்பறாங்களோ, இல்ல, மூக்குக் கண்ணாடியத் தொடைக்கறாங்க. நேரம் ஆச்சேன்னு ஒருத்தருக்காவது தோணணுமே, தோணல, துண்டு போத்துன கடியாரத்துக்கடியில நேரமே செத்துப்போச்சு. ஆறு நாப்பத்திரெண்டு. தூக்குனாரு. தேவநாதன் மஞ்சளப் பாத்தாரு, தெம்பா ஒரு மூச்சு எடுத்தாரு, இன்னும் ஒரு நிமிஷம்னு நம்பி மலையேறத் தொடங்குனாரு. மணிக்கட்டுல என்னமோ திருகுதேன்னு அருணகிரி குனிஞ்சு பாத்தாரு, அட்டையப் புடிச்ச வலது கை தானா முன்னும் பின்னும் திருப்பிக்கிட்டிருக்கு, முறுக்கற மாதிரி. அதே கை. இத்தனை வருஷம் கழிச்சும் அதே வேலை, முன்னால எவனோ படிக்கறான், பின்னால இவரு முறுக்கறாரு. மூணு வருஷமா இந்த பெஞ்சுல உக்காந்து எத்தனை பேருக்கு முறுக்கியாச்சு. ஏழு நிமிஷம். சிவப்பு. இப்பத் தூக்குனாக்கூட அவன் பொழைச்சுக்குவான், மூணு வாக்கியத்துல எறங்கிருவான், கெட்டிக்காரன். தூக்கிரு. ஏழு பத்து. தூக்கேன்யா, முப்பத்தோரு வருஷத்த நெனச்சுப் பாரு. ஏழு இருவது. அந்த ஃபோர்மன் வெல்டு கண்ணாடி மாதிரி இருந்துச்சு, இதுவும் நல்லாத்தான் இருக்கு, நல்லாப் பேசறான் பய, அதுதான் வலிக்குது, என் கதைய என்ன விட நல்லாப் பேசறான், அந்த அரிக்கன் வெளக்கு கூட நல்லாத்தான் இருக்கு. ஏழு இருவத்தெட்டு. மாசிலாமணி பாஸாயி மிட்டாய் குடுக்க வந்தான், "அண்ணே நீங்க முறுக்கலன்னா நாங்க இல்லண்ணே"ன்னான், அந்த மிட்டாய வாயில போட்டுச் சிரிச்சது ஞாபகம் வந்துச்சு. ஏழு முப்பது. முப்பத்தொண்ணு. அவ்வளவுதான். கை விட்டா லைட்டு மங்கும்னு அன்னிக்கே தெரியும், ஆனா அன்னிக்கு விடல. ஏழு முப்பத்தாறுல சிவப்பத் தூக்குனாரு, தேவநாதன் தலையசைச்சு ஏத்துக்கிட்டு அழகா எறங்கி வந்து முடிச்சாரு. கைதட்டல். எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. ஏழு நாப்பத்தெட்டுல கட்டைவிரல் அமுங்குச்சு. அருணகிரி தாள்ல 7:48னு எழுதுனாரு, எழுதுன கையோட அதச் சுத்தி ஒரு வட்டமும் போட்டாரு.

"நேரக்காரர் அறிக்கை"ன்னு கோகிலா மேடம் கூப்புட்டாங்க. அருணகிரி முன்னால போயி நின்னாரு. மூணு வருஷமா இந்த ஒரு அறிக்கைதான் அவரோட பேச்சு. "தையல்நாயகி டீச்சர், மண்பானைத் தண்ணியின் மகிமை, ஆறு நிமிஷம் பதினொரு நொடி. சிவக்கொழுந்து, செல்போனும் சிறுபிள்ளைகளும், அஞ்சு அம்பத்திரெண்டு. தேவநாதன் சார், வந்து..." டிங்குனு மணி அடிச்சுது. 'வந்து'ன்னு யாராவது இழுத்தா மணி அடிக்கறது சகாயத்தோட பொறுப்பு, போட்டிப் பேச்சுக்கு மட்டும் மணி கெடையாது, இது அறிக்கைதானேன்னு அடிச்சுட்டான். நாலு பேரு சிரிச்சாங்க. "தேவநாதன் சார், ஏழு நிமிஷம் நாப்பத்தெட்டு நொடி."

சிரிப்பு நின்னுபோச்சு. கோகிலா மேடம் தாள வாங்கிப் பாத்தாங்க, வாட்ச்ச வாங்கிப் பாத்தாங்க, வட்டத்தப் பாத்தாங்க. "அருணகிரி சார், நிச்சயந்தானே?"

"வாட்ச்சு உங்க கையிலதான் இருக்கு மேடம்."

"ஐயோ பாவமே"ன்னாங்க. "என்ன பண்றது, நேரக்காரர் சொன்னா சொன்னதுதான்." மன்றத்துல அதுவும் சட்டம். தையல்நாயகி டீச்சர் தஞ்சாவூருக்குப் போற செய்தியக் கேட்டு, மண்பானைக்கா, மண்பானைக்கான்னு நாலு தடவை கேட்டுட்டு உக்காந்துட்டாங்க. சகாயம் கடியாரத்து மேல இருந்த துண்ட எடுத்தான். பதினொண்ணு இருவது. அருணகிரிக்கு மனசு குளுகுளுன்னு ஆகும்னு எதிர்பாத்தாரு, ஆகல. பசிதான் எடுத்துச்சு.

கீழ டீக்கடையில தேவநாதன் பக்கத்துல வந்து நின்னாரு. மொகத்துல சிரிப்பு இருந்துச்சு, சிரிப்புக்கடியில எதையோ எண்ணிப் பாத்துக்கிட்டிருந்தாரு.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? மஞ்ச அட்டை... கரெக்டா ஆறுலதான் தூக்குனீங்களா?"

அருணகிரி டீய ஒரு உறிஞ்சு உறிஞ்சுனாரு. "கடைசி பெஞ்சுல இருக்கறவனுக்கு என்ன சார் தெரியும். லைட்டுக்குப் பின்னால உக்காந்திருக்கறவனுக்கு ஒண்ணுமே தெரியாது. எழுதிக் குடுத்திருந்தேனே, ரெண்டு தடவை படிச்சீங்களே."

ரோட்டுல ஒரு பஸ்ஸு நின்னு ஆள எறக்கிட்டுப் போச்சு.

"சார்"னாரு அருணகிரி, காலி கிளாஸ பலகையில வச்சுட்டு, "ஆக்சிலேட்டரு வலது கையில இருக்கும். அடுத்த தடவை சொல்றப்ப மாத்திக்குங்க."

தேவநாதன் குனிஞ்சு தன் கையப் பாத்தாரு. அப்புறம் டீ கிளாஸ எடது கையிலேருந்து வலது கைக்கு மாத்திக்கிட்டாரு.